செட்டிநாட்டில் வெளியில் சாப்பிடுவது: சைவர்களுக்கும், பால் நெய்யைக் கைவிட்டவர்களுக்கும்

எங்கள் வீட்டு மாடியில் எப்போதும் யாராவது குடியிருப்பார்கள். பெரும்பாலும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்தவராக இருப்பார், இல்லையென்றால் அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளையாக இருக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து காரைக்குடிக்கு வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் வாரத்தில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்த ஊர்ல நாங்க எங்க சாப்பிடுறது?"

நியாயமான கேள்வி. மற்ற ஊர்களில் 'செட்டிநாடு' என்று பலகை வைத்தால் உள்ளே மிளகுக் கோழியும் நண்டு வறுவலும்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே தயிர்சாதத்தைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இந்த ஊர் வீடுகளில் மண்டி, கோஸ்மல்லி, திரக்கல், பச்சடி, பணியாரம், சீயம் என்று கறியும் மீனும் படாத பண்டங்கள் ஏராளம். அவற்றில் பல, பாலும் நெய்யும்கூட இல்லாதவை. இவை மெனு அட்டையில் அநேகமாக இருக்காது. பெயர் தெரிந்து, சரியான நேரத்தில் போய்க் கேட்டால்தான் இலைக்கு வரும். நான் பிறவியிலேயே சைவம். ஐந்து வருடமாகப் பால், தயிர், நெய்யையும் விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் பலகை

'சுத்த சைவம்', 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதியிருந்தால் யோசிக்க வேண்டாம். 'பவன்' என்று பெயர் முடிந்தால் பெரும்பாலும் சைவம்தான். 'விலாஸ்' என்பதை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். அந்தப் பெயரில் சைவக் கடையும் உண்டு, முனியாண்டி விலாஸும் உண்டு. 'மிலிட்டரி ஹோட்டல்' என்றால் அசைவம். 'மெஸ்' என்பது இரண்டும் கெட்டான் சொல். உள்ளே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்குடியிலேயே 'செட்டிநாடு' என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டிருக்கும் கடை என்றால், அங்கே முதன்மை கறியும் கோழியும்தான், சைவம் ஓரத்தில் இருக்கும்.

ஊருக்குப் புதியவர்கள் முதல் மாதம் முழுக்கச் சைவக் கடைகளிலேயே சாப்பிடுங்கள் என்பது என் கருத்து. நாக்கு இந்த ஊர் மசாலாவுக்குப் பழகட்டும், காதும் இந்த ஊர்ச் சொற்களுக்குப் பழகட்டும். அப்புறம் கலப்புக் கடைகளுக்குப் போகலாம். கரண்டி மாறினாலே மனம் ஒப்பாது என்பவர்கள் கலப்புக் கடைப் பக்கமே போக வேண்டாம். நெரிசல் நேரத்தில் எந்தச் சப்ளையராலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

கலப்புக் கடையில் ஏமாற்றும் சொற்கள்

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு மெஸ்ஸில் "வெஜ் சாப்பாடு" என்று சொல்லி உட்கார்ந்தேன். பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாம் வந்தது. வாளியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பை ஊற்றினார்கள். "இது என்ன அண்ணே?" என்றேன். "வெறும் குழம்புதாம்மா" என்றார். நான் அதைப் புளிக்குழம்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வாயில்தான் தெரிந்தது, துண்டு இல்லாத கறிக்குழம்பு. அன்று எழுந்து கை கழுவியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் மொழியில் 'வெறும் குழம்பு' என்றால் பீஸ் இல்லாத குழம்பு. அந்த அர்த்தம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்தச் சொற்களை நினைவில் வையுங்கள். 'வெறும் குழம்பு', 'பிளெயின் குழம்பு' இரண்டும் கறியிலோ மீனிலோ கொதித்தவையாக இருக்கலாம். 'குஸ்கா' என்பது காய்கறி பிரியாணி கிடையாது. கறியோடு தம் போட்ட சோற்றிலிருந்து துண்டை விலக்கி எடுத்தது. 'பிளெயின் பிரியாணி' என்றாலும் அதே கதைதான். பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா, வேறு மாதிரி சொல்லாத வரை, எலும்போ கறியோ வெந்ததாகத்தான் இருக்கும். 'எம்ட்டி சால்னா' என்று கேட்டாலும் எதில் கொதித்தது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். 'கோலா உருண்டை' என்றால் ஆட்டுக்கறி. வாழைப்பூவில் செய்த கோலாவும் உண்டு, அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிடிப்புக்கு முட்டை சேர்த்தார்களா என்றும் கேட்க வேண்டும். கத்தரிக்காய்க் குழம்பில் கருவாடு கிடக்கும் கடைகளும் இருக்கின்றன.

எதையும் "வெஜ்தானே?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஆமா" என்பதுதான் எப்போதும் பதில். நான் மூன்று விஷயம் கேட்பேன்: எதில் வெந்தது, எந்த எண்ணெயில் பொரித்தது, எந்தக் கல்லில் சுட்டது. "இந்தக் குழம்பு எதுல கொதிச்சுது அண்ணே?" என்று கேட்டால் ஆமா, இல்லை என்று பதில் சொல்ல முடியாது. தெரியாவிட்டால் அவரே உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்டு வருவார். கோபி 65, காளான் 65 போன்றவற்றுக்கு எண்ணெய்க் கேள்வி முக்கியம். கோழி பொரித்த சட்டியிலேயே அதுவும் பொரியும், மாவில் முட்டையும் இருக்கலாம். தோசைக்குக் கல் கேள்வி. ஆம்லெட்டும் கறிதோசையும் போட்ட அதே கல்லில்தான் உங்கள் தோசையும் விழும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சைவக் கடையில் ஒரு காளான் பிரட்டலோ வெள்ளைக் குருமாவோ வந்ததும் வாசனையை வைத்தே "இதில் கறி இருக்கிறது" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். அது கல்பாசி வாசனை. கல்பாசி என்பது பாறையிலும் மரத்திலும் படரும் பாசி போன்ற ஒன்று. பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு இவற்றோடு சேர்ந்து எண்ணெயில் பொரிந்தால் ஒரு கனத்த மணம் வரும். கறிக்குழம்பிலும் அதுவே போகிறது என்பதால் மூக்கு குழம்பிவிடுகிறது. அந்த மணத்துக்காகச் சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் "கரம் மசாலா இல்லாம என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பூண்டுக் குழம்பும் பொரியலும் எப்போதும் இருக்கும்.

பால், நெய் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது

பாலும் நெய்யும்கூட இல்லாத சைவத்துக்கு நனிசைவம் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் ஹோட்டலில் அது எடுபடாது, 'வீகன்' என்பதும் எடுபடாது. "சைவம்தானே, நெய் சைவம்தாம்மா" என்று பொங்கலில் இன்னொரு கரண்டி விடுவார்கள், அதுவும் அன்பாக. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும்: "அண்ணே, பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் அஞ்சும் வேணாம். எண்ணெய் விட்டா போதும்." ஐந்து என்று எண்ணிச் சொன்னால் அவர்களுக்கு நினைவில் நிற்கிறது. இலை போட்டதும் இதைச் சொல்லிவிடுங்கள். முதலில் வருவதே பருப்பும் அதன் மேல் நெய்யும்தான், விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

ஏன் என்று கேட்டால் ஒவ்வாமை என்று பொய் சொல்ல வேண்டாம். "விட்டுட்டேன்" என்று ஒரே சொல் போதும். இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. காசிக்குப் போய் வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். அதன் பிறகு ஆயுசுக்கும் தொடமாட்டார்கள். நகரத்தார் குடும்பங்களுக்கும் காசிக்கும் பழைய தொடர்பு இருப்பதால் இங்கே எல்லோருக்கும் இது தெரியும். நான் ஒருமுறை "பாலை விட்டுட்டேன்" என்றபோது வயதான சப்ளையர் ஒருவர், "காசியிலயா ஆச்சி?" என்று கேட்டார். இல்லை, மாட்டுக்காக விட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் என் இலைக்கு மோர் வாளியோடு வந்ததே இல்லை.

கேட்காமல் தெரியாத இடங்களில்தான் பால் ஒளிந்திருக்கும். மோர் மிளகாய், பெயரே சொல்கிறது, மோரில் ஊறியது. சோற்றோடு அது இலையில் தானாக வந்து உட்காரும். அவியலில் தயிர் இருக்கும். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இரண்டுமோ இருக்கலாம். குருமாவில் தேங்காயும் முந்திரியும் போதும் என்றாலும் சில மாஸ்டர்கள் தயிரோ பாலோ சேர்ப்பார்கள். கோவில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கலில் நெய், பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும். புளியோதரையும் சுண்டலும் பெரும்பாலும் உங்களுக்கு ஏற்றவை. பெருங்காயம், கல்பாசி, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம்.

ஒரு நாள் சாப்பாடு

காலையில் கவலையே வேண்டாம். இட்லி, இடியாப்பம், பூரி மூன்றும் சைவ டிபன் கடைகளில் கிடைக்கும். பொங்கலில் நெய் கட்டாயம் இருக்கும், விட்டுவிடுங்கள். தோசை வேண்டுமென்றால் "நல்லெண்ணெய் மட்டும் விட்டு" என்று சொல்லுங்கள், ஏனென்றால் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் வெண்ணெயோ டால்டாவோ கலந்திருக்கலாம். பொடி கேட்டால் நெய் ஊற்றிக் கொண்டுவருவார்கள். எண்ணெய் என்று முன்பே சொல்லுங்கள். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கேளுங்கள். அப்புறம் "கோஸ்மல்லி இருக்கா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் சேர்த்து இறக்குவது. இட்லிக்கு அதைப் போலத் தொடுகறி வேறில்லை. சில கடைகளில் தினமும் போடுவதில்லை. கேட்கும் ஆள் இருந்தால் போடுவார்கள்.

மதியச் சாப்பாட்டில் தேட வேண்டியது மண்டி. அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, வெண்டைக்காயோ மொச்சையோ மாங்காயோ போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பாலும் கிடையாது, நெய்யும் கிடையாது, மசாலா அரைப்பதும் கிடையாது. அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காத வீடுகளிலிருந்து வந்த பண்டம் அது. வெண்டைக்காய் மண்டியை வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டவர்கள் அதற்கு நெய் வேண்டும் என்று சொல்லவே மாட்டார்கள். திரக்கலும் அப்படித்தான்: கத்தரிக்காய், உருளைக்கிழங்கோடு தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து விட்டது, தோசைக்கும் இடியாப்பத்துக்கும் பொருந்தும். பச்சடி என்றால் மற்ற ஊர்களில் தயிர்தான் நினைவுக்கு வரும். இங்கே பருப்பும் புளியும் சேர்த்து அடுப்பில் வேகவைக்கும் பச்சடி உண்டு. வெளியூர்ச் சமையல்காரர்கள் இருக்கும் கடையில் தயிர்ப்பச்சடியும் வரலாம், ஆகவே "தயிர் போட்டதா, வேக வச்சதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மண்டியும் திரக்கலும் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. காலை டிபனுக்குப் போகும்போதே "மதியத்துக்கு மண்டி உண்டா?" என்று கேட்டு வைப்பது என் பழக்கம்.

மாலைதான் இந்த ஊரின் அருமை. நாலு மணிக்கு மேல் பலகாரச் சட்டி ஏறும். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை ஒரு படியில் அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். அதை ஊறவைத்து, மைய அரைத்து, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றினால் வெள்ளைவெளேரென்று எழும்பி வரும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. ஒரே ஒரு எச்சரிக்கை: நிறத்துக்கும் மென்மைக்கும் மாவில் கொஞ்சம் பால் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. "மாவுல பால் விட்டீங்களா ஆச்சி?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

மசாலாச் சீயம், இனிப்புச் சீயம், குழிப்பணியாரம் மூன்றும் வழக்கமாகப் பால் இல்லாதவை. கந்தரப்பம் பச்சரிசி, உளுந்து, வெல்லம், தேங்காய், ஏலம் சேர்த்து அரைத்துப் பொரிப்பது. எண்ணெயில் பொரித்ததா நெய்யிலா என்பது மட்டும்தான் கேள்வி. கவுனி அரிசி விஷயம் வேறு. பர்மாவில் வாணிபம் செய்த காலத்தில் இங்கே வந்து சேர்ந்த கறுப்பரிசி அது. வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, கடைசியில் நெய் விடுவார்கள். "நெய் ஊத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்க" என்று முதல் நாளே சொல்லி வைத்தால் கிடைக்கும். நான் இரண்டு பலகாரக் கடைகளில் இப்படித்தான் வாங்குகிறேன்.

கும்மாயம், உக்காரை, ரங்கூன் புட்டு, மாவுருண்டை இவற்றில் நெய்யே உயிர். நெய் இல்லாமல் கேட்டால் செய்கிறவருக்கும் சங்கடம், பண்டமும் கெட்டுவிடும். கேட்காமல் விட்டுவிடுவதே மரியாதை. பால் பணியாரத்தைச் சில வீடுகளில் தேங்காய்ப்பாலில் போடுவார்கள், கடையில் பெரும்பாலும் மாட்டுப்பால்தான்.

டீக்கடையில் கடுங்காப்பி, சுக்குமல்லிக் காபி, லெமன் டீ எல்லாம் கிடைக்கும். பால் டீ வடிகட்டிய அதே துணி வடிகட்டியில்தான் உங்கள் டீயும் வரும், மாஸ்டரிடம் சொன்னால் கழுவிவிட்டு வடித்துத் தருவார். வெயில் காலத்தில் நுங்கும் இளநீரும் போதும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் திறந்திருப்பவை பெரும்பாலும் பரோட்டாக் கடைகள்தான். ஃபிரைடு ரைஸ் கடையில் முட்டை உடைத்த அதே சட்டியில்தான் வெஜ்ஜும் புரளும். பாலைக் கைவிட்டவர்கள் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது

கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அரண்மனை வீடுகளைப் பார்க்கவும், ஆத்தங்குடிக்குத் தரையில் பதிக்கும் கல் வாங்கவும் போகிறவர்கள் வழியில் எங்கேயாவது சாப்பிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊர்களில் வீதிகள் அகலம், வீடுகள் பெரிது, ஹோட்டல்கள் குறைவு. காலை டிபனை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்குப் புளிச்சாதம் பார்சல் வாங்கிக்கொண்டு போங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பழைய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகள் நல்ல வழி: காரைக்குடியில் தி பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். வெளிநாட்டார் வந்து போகிற இடங்கள் என்பதால் 'வீகன்' என்ற சொல் இங்கே எடுபடும். இருந்தாலும் அறை எடுக்கும்போதோ சாப்பாட்டுக்குச் சொல்லும்போதோ முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மண்டியும் கோஸ்மல்லியும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். புரட்டாசிச் சனி, ஆடி வெள்ளி, கார்த்திகை மார்கழி மாலை போடும் காலம் இவற்றில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுவார்கள். கூட்டம் இருக்கும், வகைகளும் கூடும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் நாட்களில் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியில் அன்னதானப் பந்தல்கள் இருக்கும், எல்லாம் சைவம். நகரத்தார் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள், பந்தி சைவம்தான். ஆனால் பந்தியில் நெய் தாராளமாக விழும், ஆகவே அந்த ஐந்து பெயர்களையும் பரிமாறும் தம்பியிடம் உட்கார்ந்ததுமே சொல்லுங்கள்.

பாக்கெட்டில் வாங்கினால்

ஊருக்குத் திரும்பும்போது பலகாரம் வாங்காமல் யாரும் போவதில்லை. பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று அர்த்தம், பால் இல்லை என்று அர்த்தமில்லை. முட்டை இருந்தால் அதில் பழுப்பு முக்கோணம் இருக்கும். நனிசைவ உணவுக்கென்று 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிற ஆங்கில 'வி' எழுத்தும் அதில் ஒரு சின்ன இலையுமாக ஒரு முத்திரை. உள்ளூர்ப் பலகாரங்களில் அது இருக்காது. ஆகவே சேர்மானப் பட்டியலில் பால், வெண்ணெய், நெய் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தேன்குழலிலும் கைமுறுக்கிலும் மாவு பிசையும்போதே வெண்ணெய் சேர்ப்பார்கள். சீப்புச் சீடைக்குத் தேங்காய்ப்பால் விடுவார்கள், சிலர் வெண்ணெயும் சேர்ப்பார்கள். அதிரசம் எண்ணெயில் சுட்டதா என்று கேளுங்கள்.

ஒரு கிலோவுக்கு மேல் வாங்குவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் போய், "வெண்ணெய்க்குப் பதிலாச் சூடான எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு தர முடியுமா?" என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் முடியாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. முறுக்கு கொஞ்சம் கடினமாக இருக்கும், பத்து நாள் தாங்கும்.